இடது தோளுக்கு மேலால்

காலை ஒன்பது மணி ஏழு நிமிடம். கதவைத் திறந்தபோது முதலில் தெரிந்தவை உள்ளங்கால்கள். கூடைப்பந்துக் கோடுகள் போட்ட மரத்தரையில் ஆட்கள் வரிசை வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். எல்லாப் பாதங்களும் கதவை நோக்கியிருந்தன. காலுறை போட்டவை, போடாதவை, குதிக்கால் வெடித்தவை, நகப்பூச்சுப் பூசியவை. பிந்தி வந்தவனை அத்தனை பாதங்களும் சேர்ந்து பார்த்தன.

ஒரு பாயில் மட்டும் பாதங்கள் இருக்கவேண்டிய இடத்தில் தலை இருந்தது. எதிர்ச் சுவரோரம், கடைசி வரிசையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன் பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவருடைய கால்கள் வெறும் சுவரைப் பார்த்திருந்தன. அந்தப் பக்கம் ஆட்கள் இல்லை. அவர் எந்த ஊர்க்காரர் என்பதை முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன். அவருக்கு வலப்பக்கத்தில் ஒரு பாய் காலியாக இருந்தது. அதில் போய்ப் படுத்தேன்.

ஸ்காபரோவில் உள்ள ஒரு சமூக நிலையத்தின் மண்டபம் அது. அடுத்த பகுதியில் நீச்சல்குளம் இருந்ததால் கதவிடுக்கால் குளோரின் மணம் வந்துகொண்டிருந்தது. ஓகஸ்ட் மாதம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலையிலிருந்து பின்னேரம் வரை, உடலையும் அதன் அசைவுகளையும் கவனிக்கப் பழகும் வகுப்பு என்று நூலகத்து அறிவிப்புப் பலகையில் கண்டிருந்தேன். யோகா இல்லை, உடற்பயிற்சி இல்லை, நடனம் இல்லை, தியானமும் இல்லை என்று அதிலேயே போட்டிருந்தார்கள். என்னென்ன இல்லை என்பதை மட்டும் சொல்கிற விளம்பரத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. போனதற்கு அரைவாசிக் காரணம் அது. மற்ற அரைவாசி, பத்திரிகை அலுவலகங்களில் மேசைக்கு மேல் குனிந்தே தேய்ந்துபோன என் முதுகு.

வகுப்பு நடத்தியவர் எழுபதை நெருங்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். மொன்றியலில் பிறந்து வளர்ந்தவர். சாம்பல்நிறக் காலுறைகளோடு பாய்களுக்கிடையே சத்தமில்லாமல் நடந்தார். அவர் எதையும் செய்து காட்டவில்லை. சொல்ல மட்டும் செய்தார். செய்து காட்டினால் நாங்கள் அவருடைய உடம்பைப் பார்த்துப் போலி செய்வோமாம், எங்களுடையதைக் கவனிக்க மாட்டோமாம். அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, எந்தக் குதி தரையில் கூடுதலாக அழுந்துகிறது என்பது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். பிறகு கவனித்தேன். இடது குதி. அறுபத்துமூன்று வருடம் அந்தக் கால்களோடு இருந்துவிட்டு, அந்தத் தகவலை ஒரு திங்கட்கிழமை காலையில்தான் பெற்றுக்கொண்டேன்.

இடைவேளையில் கடைசி வரிசைக்காரர்கள் ஒன்றாகக் கூடினோம். தமிழர் நாங்கள் நாலு பேர். பாயைத் திருப்பிப் போட்டவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர், மோர்னிங்சைட்டில் குடியிருப்பவர். எங்களுக்கு முன்பாயில் இருந்த அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். தாயை வகுப்பில் சேர்த்ததும் அவள்தான், தப்பி ஓடாமல் கூட வந்திருப்பதும் அவள்தான். ஓட்டுநருக்கு இடப்பக்கத்துப் பாயில் இருந்தவர் யாழ்ப்பாணத்தில் தையல்கடை வைத்திருந்த முஸ்லிம். பிறகு புத்தளம், பிறகு ரொறொன்ரோ. ஓட்டுநர் அவரை, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் வழக்கப்படி, நானா என்று கூப்பிட்டார். நாலாவது ஆள் நான். என்னை அண்ணை என்றார். மகளுக்கு நாங்கள் இருவரும் அங்கிள்.

தேத்தண்ணீரும் மரக்கறி றோல்ஸும் தையற்காரர் கொண்டுவந்திருந்தார். அதைத் தின்றுகொண்டே ஓட்டுநர் தன் கதையைச் சொன்னார். ஜனவரியில் ஒரு விடியற்காலை, பஸ் தரிப்பு முற்றத்தில் பஸ்ஸைச் சுற்றி வந்து விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது பனிக்கட்டியில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஸ்கானில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து கழுத்து இடப்பக்கம் திரும்புவதில்லை. பாதியில் நின்றுவிடுகிறது. இங்கே தெருவின் வலது ஓரத்தில் நிறுத்திய பஸ்ஸை மறுபடி எடுக்கும்போது இடது தோளுக்கு மேலால் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கண்ணாடியில் தெரியாத வாகனம் அதில்தான் தெரியும். அந்தப் பார்வை இல்லாமல் பஸ் ஓட்ட விடமாட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை கொம்பனி அவருக்கு மறுபடி பஸ் ஓட்டும் பரீட்சை வைக்கிறது. தவறினால் அவருடைய தடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அவருக்கு பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாள் வேலை தருவார்களாம்.

"பஸ்ஸிலை நான் இருங்கோ எண்டால் அம்பது பிள்ளையள் இருக்கும்," என்றார். "வீட்டிலை ரெண்டு பேருக்குச் சொல்லிப் பாருங்கோ."

மகள் றோல்ஸை மென்றபடி கூரையைப் பார்த்தாள்.

பின்னேரம் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, தலையை இடப்பக்கம் திருப்பி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கச் சொன்னார் ஆசிரியை. நான் ஓட்டுநரின் வலப்பக்கத்தில் இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. அவர் தலைமயிரை வாரி உயர்த்திக் கொண்டையாக முடிந்து மண்ணிறக் கிளிப் ஒன்றால் கவ்வியிருந்தார். அவர் திரும்பி முடித்தபிறகும் வலது கன்னம் முழுதாகத் தெரிந்தது. காது தெரிந்தது. கிளிப்பின் விளிம்புகூடத் தெரியவில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் அதையே அளவாக வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆசிரியை ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முடிந்ததில் பாதி மட்டும் செய்யுங்கள். நோவு வருவதற்கு முன்னரே நின்றுவிடுங்கள். முன்வரிசைக்காரர்கள் இதைச் சுலபமாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வரிசைக்கு அது ஏறவில்லை. தையற்காரர் மெல்லிய குரலில், நோகாட்டி அது என்ன எக்ஸசைஸ் என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடியவர் கொஞ்ச நேரத்தில் குறட்டை விடத் தொடங்கினார். ஆசிரியை அவரை எழுப்பவில்லை. இந்த வகுப்பில் விதியை முழுதாகக் கடைப்பிடிக்கிற ஒரே ஆள் இவர்தான் என்று மட்டும் சொன்னார். மண்டபம் சிரித்தது. அவர் அந்தச் சிரிப்புக்கு எழும்பி, என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார்.

ஓட்டுநர் மறுகரையில் நின்றார். பாதி என்றால் முழுவதும் செய்தார். முழுவதும் என்றால் அதற்கு மேலும் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்தைத் திருப்புவார். தோள் காதுவரை ஏறும், மூச்சு நிற்கும், மேலுதட்டில் வேர்வை அரும்பும். கன்னம் அப்படியே எனக்குத் தெரிந்துகொண்டிருக்கும். ஆசிரியை வந்து அவருடைய தோளில் இரண்டு விரல்களை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். தோள் இறங்கியது. அவர் விலகியதும் மறுபடி ஏறியது. வீட்டிலும் செய்கிறாரா என்று கேட்டார். ஓம், விடிய அரை மணித்தியாலம், படுக்க முந்தி அரை மணித்தியாலம் என்று ஓட்டுநர் பெருமையோடு சொன்னார். அதை நிறுத்தும்படி ஆசிரியை கேட்டுக்கொண்டார். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தால் வேலையைவிட்டு நிறுத்தியது போலிருந்தது.

எனக்கோ அந்த வகுப்பு தெரியாத ஊருக்குப் போனதுபோல் இருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சு மட்டும் அசைகிறது என்றிருந்தேன். முதுகுப் பக்க விலாவும் அசைந்து தரையைத் தொட்டுத் தொட்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மூடிய கண்ணை இடப்பக்கம் உருட்டினால், கழுத்தின் பின்புறத்தில் ஏதோ ஒன்று இழுபட்டது. நாக்கு எந்நேரமும் மேலண்ணத்தை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். எதற்காக, எவ்வளவு காலமாக என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் அது நடந்தது. தரையில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் இடப்பக்கம் மடித்து, வலது கையை ஊன்றிச் சாய்ந்திருக்கச் சொன்னார் ஆசிரியை. கண்கள் மூடியிருக்க வேண்டும். என்னுடையவை மூடியிருக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடும் இடத்தில் திறந்து வைத்திருப்பது பழைய தொழிலில் வந்த பழக்கம்.

ஓட்டுநரின் பாதம் மடிந்து பின்னால் இடப்புறம் நீண்டிருந்தது. தையற்காரர் தன் நிலையை மாற்றியபோது அவருடைய முழங்கை அந்தப் பாதத்தில் பட்டது. அதாவது, ஓட்டுநரின் கால் ஓர் ஆளில் பட்டுவிட்டது. அடுத்த கணம் ஓட்டுநர் திரும்பினார். ஊன்றியிருந்த வலது கை தரையைவிட்டு எழுந்து, உடம்பைக் குறுக்காகக் கடந்து, பின்னால் போய் அந்த முழங்கையைத் தொட்டு, வந்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது. எல்லாம் ஒரு நொடி. அந்த நொடியின் நடுவில் எனக்கு அவருடைய கன்னம் தெரியவில்லை, காது தெரியவில்லை. மண்ணிறக் கிளிப் முழுதாக, இரண்டு பக்கப் பற்களும் தெரிந்தது.

அவர் மறுபடி கையை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். நோவின் அடையாளம் ஒன்றும் இல்லை.

தையற்காரர் குனிந்து, "தங்கச்சி, தொட்டுக் கும்பிட்டு என்னைச் சாமியாக்கிப்போடாதேங்கோ. வீட்டிலை மனிசிக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

"கால் பட்டால் வேறை என்ன செய்யிறது, நானா. பேசாமல் இருங்கோ."

மதிய இடைவேளையில் ஆசிரியையிடம் போய், கண்டதைச் சொன்னேன். அந்த வழக்கத்தை விளக்கினேன்: எங்கள் ஆட்களின் கால் இன்னொருவரில் பட்டுவிட்டால், அல்லது புத்தகத்தில் பட்டுவிட்டால், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எது முதலில் போனது, கையா, கண்ணா, தலையா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. யார், எங்கே, எப்போது, என்ன என்பதெல்லாம் சொல்ல முடிந்தது. எது முந்தியது என்பதைச் சொல்ல முடியவில்லை. நான் பார்த்தது முடிவை, நடந்த ஒழுங்கை இல்லை என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை. ஒழுங்குதான் தனக்கு வேண்டும் என்றார். பிறகு, இதை அந்தப் பெண்ணுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான் சொல்லவில்லை. ஆனால் பின்னேரம் அதே இருப்பில் அது இன்னொரு முறை நடந்தது. இம்முறை பாதம் பட்டது தையற்காரர் கழற்றிப் பாயோரம் வைத்திருந்த தொப்பியில். முன்பாயில் இருந்த மகள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இப்ப முழுக்கத் திரும்பினீங்கள். டிட் யூ நோ? ஃபுல்லா."

"ஆர், நானோ?"

"இன்னொருக்காச் செய்யுங்கோ."

அவர் செய்தார். மகள் சொன்னபடி பாதத்தைத் தொப்பியில் பட வைத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு திரும்பினார். கழுத்து பழைய இடத்தில் நின்றது. மறுபடி செய்தார். மறுபடியும் நின்றது. தொப்பியை எடுத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தல் வைத்துப் பார்த்தார், மகளின் பையை வைத்துப் பார்த்தார். தோள் காதுவரை ஏறியது, மேலுதட்டில் வேர்வை வந்தது. நாலாவது ஐந்தாவது முறையில் முதல்நாள் அளவுக்கும் போகவில்லை, கன்னத்தோடு மூக்கின் நுனியும் தெரிந்தது. மகள் எழும்பி வெளியே போய், கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

அன்றிரவு வீட்டில் நானும் பரிசோதித்துப் பார்த்தேன். ஒரு புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு, அதைக் கவனிக்காதவன்போல் நடந்து காலைப் பட வைத்தேன். கை அசையவில்லை. வைத்தவன் நான், வேண்டுமென்றே கால் வைத்தவனும் நான். பிறகு இன்னொரு விஷயம் ஞாபகம் வந்தது. நான் முதலில் வேலை செய்த பத்திரிகையில் அச்சுக்கூடத்துத் தரை முழுவதும் தாள்கள் கிடக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு தாளை மிதிக்கும்போதும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள். நானும் ஒற்றினேன். ஒரு மாதத்துக்குள் அது நின்றுவிடும். எந்த நாளில் என்னிடமிருந்து அது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

வியாழக்கிழமை ஓட்டுநர் வந்தார். ஆனால் பாயை விரிக்கவில்லை. சுவரோரம் கதிரையொன்றைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"தெரியாமல் செய்தால் திரும்புதாம். தெரிஞ்சு செய்தால் திரும்பாதாம்," என்றார். "அப்ப நான் என்னெண்டு அண்ணை பஸ் ஓடுறது? கண்ணை மூடிக்கொண்டோ?"

திங்கட்கிழமைப் பரீட்சைக்குப் போகாமலே விடலாம் என்று யோசிக்கிறாராம். போய்த் தவறுவதைவிட, தானாக உதவியாள் வேலையைக் கேட்டு வாங்குவது மரியாதை என்றார். உதவியாளின் இருக்கை பஸ்ஸில் எங்கே இருக்கும் என்று கேட்டேன். கடைசியிலை, என்றார்.

ஆசிரியை வந்து அவருக்கு முன்னால் தரையில் இருந்துகொண்டார். கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வழக்கத்தைத் தனக்கும் வகுப்புக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். அது ஒரு எக்ஸசைஸ் இல்லை, எங்கட பழக்கம், சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும் என்றார் ஓட்டுநர். தங்களில் ஒருவருக்கும் தெரியாது என்றார் ஆசிரியை. ஓட்டுநர் மகளைப் பார்த்தார். மகள் தோளைக் குலுக்கினாள். கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார்.

பிறகு நடந்ததைப்போல் ஒன்றை நான் செய்தி சேகரித்த காலத்தில் கண்டதில்லை. மண்டபம் முழுவதும் ஆட்கள் கால்களை மடித்துக்கொண்டிருந்து, பக்கத்தில் இருப்பவரைக் காலால் தொட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கப் பழகினார்கள். ஜமேய்க்காவில் பிறந்த, தபால் விநியோகித்து ஓய்வுபெற்ற ஒரு நெட்டை மனிதர், பட்டது நாயிலென்றால் என்ன செய்வது என்று கேட்டார். நாய்க்குத் தேவையில்லை, மாட்டுக்குச் செய்யலாம் என்றார் ஓட்டுநர். சீனப் பெண் ஒருவர் எந்தக் கண்ணில் முதலில் ஒற்றுவது என்று கேட்டார். ஓட்டுநர் அதை யோசித்ததே இல்லை. கையைக் கொண்டுபோய்ப் பார்த்து, வலது கண் என்றார்.

எல்லோரும் ஒரே பிழையை விட்டார்கள். கால் பட்டதும் தலையைத் திருப்பி, எங்கே பட்டது என்று தேடி, கண்டுபிடித்து, அதற்குப் பிறகு கையை நீட்டினார்கள். திருடனைத் தேடுவதுபோல இருந்தது. ஓட்டுநர் வரிசைக்கு வரிசை போய்ப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

"உவை ஏன் தேடுகினம்? பட்டது காலிலையெல்லோ. எங்கையெண்டு காலுக்குத் தெரியும். சொல்லு."

மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் மறுபடி தேடினார்கள். ஓட்டுநருக்குப் பொறுமை போய்விட்டது. "விடு, நான் காட்டுறன்," என்று எங்கள் வரிசைக்கு வந்து, இருந்த மாதிரியே கால்களை மடித்துக்கொண்டார். தையற்காரர் கேட்காமலே முழங்கையை நீட்டிக் கொடுத்தார்.

கால் பட்டது. அவர் திரும்பினார். கிளிப் முழுதாகத் தெரிந்தது.

தபால்காரருக்கு விளங்கவில்லை என்பதால் இன்னொரு முறை காட்டினார். பிறகு மெதுவாக ஒரு முறை. மெதுவாகச் செய்தபோதுதான் நான் ஒழுங்கைக் கண்டேன். கை முதலில் இல்லை. கண்ணும் இல்லை. கால் பட்டவுடன் வலப்பக்க இடுப்பு தரையைவிட்டு இலேசாகியது. அதன் பின்னால் விலா திரும்பியது, கை போனது, கையைப் பின்தொடர்ந்து கண் போனது. தலை, ரயிலின் கடைசிப் பெட்டி மாதிரி, மற்றதெல்லாம் போன இடத்துக்குத் தானும் வந்து சேர்ந்தது. திருப்புவதற்கென்று கழுத்துக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

மகள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். ஆசிரியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் நெட்டை மனிதரின் காலைச் சுட்டி, அதைக் கொஞ்சம் மடிக்கச் சொன்னார். எங்கள் வரிசைக்கு அன்றுதான் பாதி செய்வது என்றால் என்னவென்று விளங்கியிருக்க வேண்டும். தையற்காரர்கூடப் பகிடி விடவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபத்தின் நடுவே ஒரு கதிரை போட்டார்கள். அது பஸ்ஸின் சாரதி இருக்கை. இடுப்புக்கும் தோளுக்கும் குறுக்கே ஒரு துணிப்பட்டியைக் கட்டி அதைச் சீற் பெல்ற் ஆக்கினார்கள். ஓட்டுநர் கைகளை இல்லாத ஸ்டியரிங்கில் வைத்து, இல்லாத கதவை மூடி, இடது தோளுக்கு மேலால் பார்த்தார். நான் வலப்பக்கத்தில், கதவு இருக்கவேண்டிய இடத்தில் தரையில் இருந்தேன். கன்னம் தெரிந்தது.

இன்னொரு முறை பார்த்தார். கன்னம்.

பஸ்ஸில் இடது காலுக்கு என்ன வேலை என்று ஆசிரியை கேட்டார். ஒரு வேலையும் இல்லை, பிரேக்கும் காஸும் வலது கால்தான் என்றார் ஓட்டுநர். அப்படியானால் அதற்கு ஒரு வேலை கொடுங்கள் என்றுவிட்டு ஆசிரியை விலகிப் போனார். என்ன வேலை என்று சொல்லவில்லை.

ஓட்டுநர் கொஞ்ச நேரம் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் பார்த்தார். அந்தப் பாதம் மெல்லப் பின்னால் வந்து கதிரையின் காலைத் தொட்டது. வலது இடுப்பு ஒரு நூல் உயர்ந்தது. வலது கை ஸ்டியரிங்கை விட்டு ஓரங்குலம் எழும்பி நின்றது. தலை திரும்பியது.

திரும்பி வந்தவர் ஆசிரியையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார்.

"அண்ணை, எவ்வளவு தெரிஞ்சது?"

"கிளிப்பிலை பாதி."

"முதல்நாள், திங்கக்கிழமை?"

"திங்கக்கிழமை கிளிப் தெரியேல்லை. கன்னம்தான்."

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார், அது எங்கே இருக்கிறது என்று சரிபார்ப்பதுபோல.

"பாதிக் கிளிப்புக்கு பஸ் குடுப்பாங்களோ?" என்றார் தையற்காரர்.

"நானா, நீங்கள் போய்ப் படுங்கோ."

அவர் போய்ப் படுத்தார். மற்றவர்களும் படுத்தோம். வகுப்பின் கடைசி மணித்தியாலம் மல்லாந்து கிடப்பதில் முடிந்தது. ஆசிரியை மறுபடி அந்தக் குதிக் கேள்வியைக் கேட்டார். இப்போது எந்தக் குதி கூட அழுந்துகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓட்டுநர் தன் பாயை முதல் நாள் போலவே சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார். ஐந்து நாளும் ஒருவரும் அதை மாற்றச் சொல்லவில்லை.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் வரிசை பிரிந்தது. மகள் காரை எடுத்து வந்தாள். ஓட்டுநர் முன் இருக்கையில் ஏறி, கண்ணாடியை இறக்கி, பரீட்சை திங்கள் காலை பத்து மணிக்கு என்றார். போகிறார் என்று அதிலிருந்து விளங்கிக்கொண்டேன். தொலைபேசி இலக்கத்தை நான் கேட்கவில்லை. அவருடைய தடத்தின் முதல் தரிப்பு மோர்னிங்சைட்டில், ஒரு பிளாசாவுக்கு முன்னால் என்று அந்த வாரத்தில் எப்போதோ சொல்லியிருந்தார். என் வீட்டிலிருந்து அது நடக்கும் தூரம்.

பள்ளிக்கூடம் தொடங்கிய செவ்வாய்க்கிழமை காலை நான் அந்த இடத்தில் நின்றேன். நகர பஸ் வந்தது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. புதுப் பைகளோடு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தாய்மார் படம் எடுத்தார்கள். ஒரு சிறுவன் தன் சப்பாத்துகளின் விளக்கு எரிகிறதா என்று காலைத் தரையில் குத்திக் குத்திப் பார்த்தான்.

எட்டு மணி பதினொரு நிமிடத்துக்கு மஞ்சள் பஸ் வந்து நின்றது. சிவப்பு விளக்குகள் மின்ன, பக்கத்திலிருந்த நிறுத்தற் பலகை விரிந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். உள்ளேயிருந்து, இருங்கோ என்று சொல்லவில்லை, ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் அவருடைய குரல் என்று தெரிந்தது. சிறுவன் கடைசியாக ஏறினான். கதவு மூடியது. பலகை மடிந்தது.

நான் தெருவோரத்தில், பஸ்ஸின் வலப்பக்கத்தில், கதவுக் கண்ணாடிக்கு நேராக நின்றேன். அவர் முன்னால் பார்த்தார், கண்ணாடிகளைப் பார்த்தார். பிறகு வலது கை ஸ்டியரிங்கிலிருந்து ஓரங்குலம் எழும்பியது.

நான் நின்ற இடத்திலிருந்து மண்ணிறக் கிளிப் முழுதாகத் தெரிந்தது.